ஜெர்சிக்கு ஓட்டுப் போட்ட ஞாயிற்றுக்கிழமை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு ஊரில் ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்ததால் வண்டி நின்றது. ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. ஏனென்று போகப் போகத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே, வற்றிக் கிடந்த கண்மாய்க்குள், இரண்டு வாலிபால் நெட்டுகள் அடுத்தடுத்துக் கட்டப்பட்டிருந்தன. ஒரு நெட்டில் நாலு பையன்கள், இன்னொன்றில் ஐந்து பேர். இரண்டிலும் ஆட்டம் நடக்கவில்லை. ஆள் பற்றாமல், பந்தை மேலே தட்டுவதும் பிடிப்பதுமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலும் ஐந்தும் ஒன்பது. ஒன்பது பேர் இருந்தால் ஒரு ஆட்டத்தை எப்படியும் ஓட்டிவிடலாம். கல்லூரி அணியில் ஆடியவளுக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியுமா? கண்டக்டர் "ஏம்மா, இன்னும் ஊர் வரலம்மா" என்று கத்தக் கத்த இறங்கிவிட்டேன்.

"தம்பி, தனித்தனியா நிக்கீங்களே, எல்லாரும் சேர்ந்து ஆடலாம்ல?"

இரண்டு பக்கமும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள். ஒருவன் மட்டும் சொன்னான்: "அது அவங்க நெட்டுக்கா."

நெட்டுதான் பிரச்சினை என்று நான் புரிந்துகொண்டேன். இவ்வளவு எளிதான பிரச்சினையா! மூன்றாவதாக ஒரு நெட்டு கட்டிவிட்டால் போதும், அது யாருடையதும் இல்லை. அடுத்த பேருந்துக்குக் காத்திருந்த நேரத்திலேயே மனதுக்குள் ஒரு சங்கம் தொடங்கி, தலைவர் செயலாளர் எல்லாம் போட்டு, மாவட்டப் போட்டியில் கோப்பையும் வாங்கிவிட்டேன்.

இப்போது அந்தச் சங்கத்தின் ஓய்வு பெற்ற செயலாளர் நான். முப்பது வயதில் ஓய்வா என்று சிரிக்காதீர்கள். இளைஞர் சங்கத்தை இளைஞர்கள்தான் நடத்த வேண்டும், முப்பது முடிந்தால் நிர்வாகத்தைவிட்டு இறங்க வேண்டும் என்று விதி எழுதியவளே நான்தான். எழுதும்போது முப்பது ரொம்பத் தூரத்தில் இருந்தது. இப்போது பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இது மாதிரி சங்கம் ஆரம்பிக்க வேண்டுமென்று வருகிறார்கள். எந்தப் பந்து வாங்குவது, எப்படிப் பதிவு செய்வது என்றெல்லாம் கேட்கிறார்கள். ஜெர்சியைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வங்கி வேலை. ஓசூர், ஈரோடு, சேலம் என்று மாற்றலிலேயே வளர்ந்தேன். கோயம்புத்தூரில் படிப்பு, அங்கேயே மென்பொருள் சோதிக்கும் வேலை, கூடவே வாலிபால் பயிற்சியாளருக்கான ஒரு குறுகிய படிப்பு. அப்பா ஓய்வு பெற்றதும் மடவார் வளாகத்தில் இருக்கும் சொந்த வீட்டுக்கு எல்லோரும் வந்தோம். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர், இரண்டு நாள் கண்மாய். இந்த மண்ணின் பிள்ளை என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் இந்த மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதில் நெருஞ்சிமுள் அதிகம் என்பது மட்டும்தான்.

மூன்றாவது நெட்டு கட்டினேன். முதலில் யாரும் வரவில்லை. பிறகு சின்னப் பிள்ளைகள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் பெண் பிள்ளைகள் வந்தார்கள். பெண்களுக்கு அந்தப் பழைய நெட்டுகள் இரண்டிலுமே இடமில்லை என்பதால் என் நெட்டு அவர்களுக்கு நெட்டாகவே தெரிந்தது. பதிவு செய்த பெயர் நீளமானது, எனக்கே சில சமயம் மறந்துபோகும். ஊரில் எல்லோரும் 'மூணாம் நெட்டு' என்றுதான் சொல்வார்கள்.

தலைவராக வெங்கடசாமி சார் வந்தார்; முப்பது வயது விதி தலைவருக்கு மட்டும் கிடையாது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் இல்லை, கைதான். மில்லுக்குள் மிஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் அங்கே எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. இரண்டு விரலை ஒன்றோடொன்று உரசினால் நூல் அறுந்துவிட்டது, முடிச்சுப் போடு. உள்ளங்கையைத் தரையைப் பார்த்து அமுக்கினால் நிறுத்து. காதைத் தொட்டால் மேலாளர் வருகிறார். திறந்தவெளிக் கண்மாயிலும் சார் அதே சைகையில்தான் பேசினார். யாராவது சண்டை போட்டால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளங்கையை அமுக்கியபடி நிற்பார். சத்தம் அடங்கும்வரை அசைய மாட்டார். உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம். வந்ததும் எல்லோரும் வரிசையாக நின்று, ஆடுகளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குனிந்தபடியே நடந்து கல்லும் முள்ளும் பொறுக்க வேண்டும். பிறகு தண்ணீர் தெளிப்பு. பிறகு நெட்டின் உயரத்தை ஒருத்தி அளப்பாள், இன்னொருத்தி சரிபார்ப்பாள். ஷூ இல்லாமல் யாரும் கோட்டுக்குள் இறங்கக் கூடாது. வாங்க முடியாதவர்களுக்குச் சங்கமே வாங்கிக் கொடுத்தது. குடிக்க ஒரு பெரிய தண்ணீர்க் கேன் வைத்தேன். அதை யாரும் தொடுவதில்லை. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து தனித்தனிப் பாட்டில் கொண்டுவந்தார்கள். எவ்வளவு சுத்தம் பார்க்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டு அப்பாவிடம்கூடச் சொன்னேன். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

எங்கள் அணியில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். மாரீஸ்வரி எங்கள் செட்டர், அதாவது பந்தை அடிப்பவளுக்கு ஏந்திக் கொடுப்பவள். குள்ளம், வாய் ஓயாது. பவித்ரா அடிப்பவள். உயரம், பேச்சே கிடையாது. சாரின் மில் சைகைகளை இரண்டு பேரும் தங்களுக்குள் மாற்றி வைத்திருந்தார்கள். மாரீஸ்வரி காதைத் தொட்டால் பந்து தாழ்வாக, வேகமாக வரும். இரண்டு விரலை உரசினால் இடது ஓரத்துக்கு உயரமாகப் போகும். எதிரணிக்கு ஒரு மண்ணும் புரியாது. பார்க்கிற எங்களுக்கே பவித்ரா முதலில் குதித்தாளா, பந்து முதலில் வந்ததா என்று தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கவிருந்த ஒரு போட்டிக்கு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. விடுதியில் சேர்ந்தால் தங்குவது, சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் இலவசம். மாரீஸ்வரியைப் பத்தாம் வகுப்பு முடிந்ததும் மில்லுக்கு அனுப்பிவிடுவதாக வீட்டில் பேச்சு. அவளுக்கு இது ஒன்றுதான் வழி. ஆனால் செட்டரின் திறமை தனியாகத் தெரியாது. அவள் ஏந்தும் பந்தை அடிக்க ஆள் இருந்தால்தான் தெரியும். பவித்ரா இல்லாத மாரீஸ்வரியைப் பார்த்தால், சும்மா பந்தை மேலே தூக்கிப் போடும் பெண் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

போட்டிக்கு ஜெர்சி வேண்டும். நான் என்ன செய்தேன்? ஓட்டெடுப்பு வைத்தேன்.

எனக்கு எவ்வளவு பெருமை அதில்! ராஜபாளையத்துத் தையல் கடையிலிருந்து ஏழெட்டுத் துணி மாதிரிகள், ஒவ்வொன்றிலும் உடம்புக்கு ஒரு நிறம், கைக்கு ஒரு நிறம். ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் ஒரு டப்பா. ஆளுக்கு ஒரு கூழாங்கல். ஒரு வாரம் முன்பே அறிவித்துவிட்டேன். அந்த வாரம் முழுவதும் பிள்ளைகள் கூடிக் கூடிப் பேசினார்கள், ஓட்டுக் கேட்டார்கள், ஒருவரையொருவர் முறைத்தார்கள். சட்டை நிறத்துக்கு இவ்வளவு ஆர்வமா என்று பூரித்துப்போனேன். அன்றுவரை வராத பையன்கள்கூட ஓட்டுப் போட வந்தார்கள். டப்பாவைக் கவிழ்த்து எண்ணினோம். ஒரு ஜோடி நிறம் கொஞ்சம் கல் வித்தியாசத்தில் ஜெயித்தது. ஒரு பக்கம் விசில் பறந்தது. மறுபக்கம் ஒரு சத்தமில்லை. தோற்றாலும் கை தட்டுவதுதான் விளையாட்டு என்று நான் ஒரு சின்ன உரையாற்றினேன்.

அந்த நிறங்கள் என்னென்ன என்று எழுத மாட்டேன். எழுதினால் நம் பக்கத்து வாசகர்களில் பாதிப் பேர் அடுத்த வரிக்குப் போக மாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு பாதிப் பேர்தான் வந்தார்கள். பவித்ரா வரவில்லை. ஒவ்வொரு வீடாகப் போன் போட்டேன். ஒருத்திக்குக் காய்ச்சல். ஒருத்தி ஆச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். ஒருவன் குடும்பத்தோடு திருவண்ணாமலைக்கு, அதாவது எங்கள் பக்கத்துப் பெருமாள் மலைக்கு, போயிருக்கிறானாம்.

"புரட்டாசிச் சனிக்கிழமைன்னாத்தான மலைக்குப் போவாங்க? ஞாயித்துக்கிழமை என்னடா மலை?" என்று நான் போனில் கேட்டதைப் பக்கத்தில் நின்ற மாரீஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, போன வைங்க. அவிய இனி வர மாட்டாக."

"ஏன்?"

"ஏனா? உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

நான் விழித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் முதலில் சந்தேகம், பிறகு பரிதாபம். பக்கத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டாள். ஐந்தாம் வகுப்புப் படிப்பவள். "ஏட்டி, அக்காவுக்கு எந்தக் கலரு யாருதுன்னு சொல்லு."

அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒப்பித்தாள். இதும் இதும் சேர்ந்தா இவங்க. இதும் அதும் சேர்ந்தா அவங்க. நடுவுல ஒரு கோடு வந்தா மேலத்தெரு. கோடு இல்லேன்னா பக்கத்து ஊரு. எங்கும் தடுமாறவில்லை. ஒவ்வொரு ஜோடி நிறத்துக்கும் பின்னால் ஒரு சாதி. நான் கடையிலிருந்து ஆசை ஆசையாகப் பொறுக்கி வந்த அத்தனை மாதிரிகளுக்கும் அந்தப் பிள்ளையிடம் சொந்தக்காரர் இருந்தார்கள்.

எனக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது. உட்கார்ந்துவிட்டேன், கண்மாய் மண்ணிலேயே. நான் நடத்தியது ஜெர்சித் தேர்தல் இல்லை. எந்தத் தெருவில் எத்தனை தலை என்று எல்லோர் முன்னாலும் எண்ணிக் காட்டியிருக்கிறேன். ஒருவர் பாட்டிலில் ஒருவர் குடிக்காதது சுத்தம் இல்லை. 'அது அவங்க நெட்டு' என்றால் நெட்டு இல்லை.

"நாந்தாங்க்கா எங்க பக்கத்துக்கு ஓட்டுக் கேட்டேன்" என்றாள் மாரீஸ்வரி, என்னைப் பார்க்காமல். "ஒருக்காவாச்சும் நம்ம ஜெயிப்போமேன்னு. பவி வராமப் போவான்னு நெனைக்கலக்கா."

நான் படித்தவள் அல்லவா, உடனே ஒரு கூட்டம் போட்டேன். வந்தவர்களை உட்காரவைத்து, விளையாட்டில் பிரிவினை கிடையாது, நாம் எல்லோரும் ஒன்று என்று கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினேன். கண்ணீர்கூட வந்துவிட்டது. முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முன்வரிசையிலிருந்து அந்த ஐந்தாம் வகுப்புப் பெண் கை தூக்கினாள்.

"அக்கா, நீங்க யாரு?"

"நான்தான் சங்கத்தோட செயலாளர்."

"அதில்லக்கா. நீங்க *யாரு*?"

அத்தனை முகங்களும் நிமிர்ந்தன. பேச்சு முழுவதும் யாருக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை. இந்த ஒரு பதில்தான் தேவை. அதைச் சொன்னால் நான் எந்த நெட்டு என்று முடிவாகிவிடும். தலைவர் பக்கம் திரும்பினேன். வெங்கடசாமி சார் உள்ளங்கையை அமுக்கிக் காட்டினார். கூட்டம் கலைந்தது.

பவித்ராவின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அண்ணன் சதீஷ் பைக் ஷோரூமில் வேலை பார்ப்பவர், என்னைவிட இரண்டு வயது சின்னவராக இருக்கலாம். கோபக்காரர் என்று எதிர்பார்த்துப் போனேன். அவரோ நாற்காலியைத் துடைத்துப் போட்டார், காபி கொடுத்தார், என் அப்பாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார்.

"நீங்க நல்லது செய்றீங்கக்கா. பவி ஆட்டத்தப் பார்த்து எனக்கே பெருமைதான். ஆனா அந்தச் சட்டையப் போட்டுட்டு அவ இந்தத் தெருவுல நடந்து வந்தான்னா, பொறவு நான் வெளிய தல காட்ட முடியுமா? சொல்லுங்க."

"வெறும் சட்டை, தம்பி."

"அப்ப வேற சட்டை போட்டுருக்கலாம்ல?" என்று சிரித்தார். "இன்னொரு காபி சாப்பிடுதீங்களா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த உபசாரம்தான் என்னை அடித்துப் போட்டது. உள் அறை வாசலில் பவித்ரா நின்றிருந்தாள். நான் எழும்போது இரண்டு விரலை மட்டும், சாரின் மில் சைகைப்படி, உரசிக் காட்டினாள். நூல் அறுந்துவிட்டது.

சார் தன் வழியில் முடித்துவைக்கப் பார்த்தார். "ஓட்டும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். வெள்ளைச் சட்டை. அம்புட்டுதான்" என்றார். வெள்ளைச் சட்டை வந்தது. அடுத்த ஞாயிறு கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆட்டம் தொடங்க விசிலை வாயில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சட்டையெல்லாம் வெள்ளைதான். ஷூ லேஸ்கள் வெள்ளை இல்லை. இடது காலில் ஒரு நிறம், வலது காலில் ஒரு நிறம். மணிக்கட்டில் கயிறுகள். ஒரே வாரத்தில் நிறங்கள் சட்டையிலிருந்து இறங்கிக் காலுக்குப் போயிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு சாரைப் பார்த்தேன். எந்தச் சைகையும் செய்யாமல் அவர் கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"மில்லுலயும் இது உண்டும்மா" என்றார் மெதுவாக. "டிபன் கேரியர் வைக்கிற பெஞ்சு தனித்தனியா இருக்கும். யாரும் சொல்லி வச்சதில்ல."

போட்டிக்கு நாள் நெருங்கியது. ஆறு பேர் தேறவில்லை. பெயரைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்று நான் முடிவுக்கு வந்தபோது மாரீஸ்வரி வந்து நின்றாள். முகம் உர்ரென்று இருந்தது.

"அக்கா, இன்னொரு ஓட்டு வைங்க."

"போதும்டி, என்ன விட்டுரு."

"கேளுங்கக்கா. பிடிச்சதுக்கு ஓட்டுப் போட்டாத்தான சண்டை? இந்த மட்டம் வேண்டாததுக்குப் போடுவோம். ஆளுக்கு ஒண்ண எடுத்துத் தூரப் போடணும். ஏன்னு யாரும் கேக்கக் கூடாது. மிச்சம் என்ன நிக்குதோ அதப் போட்டுக்கிடுவோம்."

பக்கத்தில் நின்ற சார் தலையாட்டினார். எல்லோர் வீட்டுக்கும் தகவல் போனது: ஜெர்சிக்கு மறு ஓட்டு, இந்தத் தடவை பிடிக்காததைத் தூக்கி எறியலாம். பிடித்ததைவிடப் பிடிக்காததற்குக் கூட்டம் அதிகம் வரும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். கண்மாய் நிறைந்துவிட்டது. பவித்ரா மட்டும் உள்ளே இறங்காமல் கரைமேல் நின்றாள். இறங்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்; கரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

பழைய மாதிரிகளோடு புதிதாகவும் நிறைய வாங்கி வந்திருந்தேன். பெஞ்சில் பரப்பினேன். பக்கத்தில் ஒரு காலிச் சாக்கு.

முதலில் யார் என்று நான் கேட்கும் முன் மாரீஸ்வரி வந்துவிட்டாள். நேராகப் போய், போன தடவை ஜெயித்த துணியை எடுத்தாள். அவள் பக்கத்து நிறம். ஒரு கணம் கையில் வைத்திருந்தாள். சாக்குக்குள் திணித்தாள்.

"ஏட்டி மாரீ, கிறுக்கா உனக்கு?" என்று ஒரு பையன் பின்னாலிருந்து கத்தினான்.

"ஏன்னு கேக்கக் கூடாதுன்னு சொன்னம்ல? வாய மூடு."

கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. பவித்ரா அவ்வளவு சத்தமாகப் பேசி அன்றுவரை யாரும் கேட்டதில்லை. "அந்த மூணாவது! ஓரத்துல இருக்குல்ல, அது! எனக்காக எடுத்துப் போடு மாரி!"

அது அவளுடைய தெருவின் நிறம்.

அதன் பிறகு ஒரே தள்ளுமுள்ளு. சிலர் தங்கள் நிறத்தை எறிந்தார்கள், பலர் அடுத்தவர் நிறத்தைத்தான் எறிந்தார்கள். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் ஏனென்று கேட்கவில்லை. ஒருத்தி நீலத்தை எடுத்து, "எங்க பள்ளிக்கூட யூனிஃபார்ம்க்கா. பார்த்தாலே வீட்டுப்பாடம் ஞாபகம் வருது" என்று தானாகவே காரணம் சொன்னாள். ஒருவன் வெள்ளையை எறிந்தான்: "எம்புட்டுத் தொவச்சாலும் அழுக்குப் போகாதுன்னு அம்மா ஏசுது." கொஞ்ச நேரத்தில் பெஞ்சு காலி. ஒரு துணிகூட மிச்சமில்லை. எந்த நிறத்தை எடுத்தாலும் இந்த ஊரில் அது ஆகாதவர் ஒருவராவது உண்டு என்று ஆகிவிட்டது. நான் அழுவதா சிரிப்பதா என்று நின்றேன்.

"அதுக்கு யாரும் ஓட்டுப் போடலயே" என்றாள் மாரீஸ்வரி, கீழே கையைக் காட்டி.

துணி மாதிரிகளைக் கடைக்காரர் கட்டிக் கொடுத்திருந்த பொதித் துணி, பெஞ்சின் கீழே கிடந்தது. கோராத் துணி. சாயம் போடாத, வெளுக்காத, தறியிலிருந்து வந்தபடியே இருக்கும் மங்கல் பழுப்பு. ராஜபாளையத்துப் பக்கம் மருந்துக் கட்டுத் துணி நெய்யும் ஊர்களில் வீட்டுக்கு வீடு கிடக்கும்.

"அய்யே! ஆஸ்பத்திரித் துணிக்கா!"

"நாறும்லா!"

"இதுக்கு ஆள் இருக்காட்டி?" என்று மாரீஸ்வரி அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணைக் கேட்டாள்.

அந்தப் பெண் ரொம்ப நேரம் யோசித்தாள். விரல்விட்டுப் பார்த்தாள். "இல்லக்கா" என்றாள், கடைசியில், அவளுக்கே நம்பிக்கை இல்லாமல். "இதுக்கு யாருமே இல்ல."

கோரா பனியன் துணியில் ஜெர்சி தைத்தோம். சதீஷ் வந்து அதைத் தடவித் தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என்ன கலர்?"

"கலரே இல்ல, தம்பி."

"கட்டுத் துணி மாதிரில்லா இருக்கு" என்றார். மறுப்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று இன்னும் செத்த நேரம் திருப்பினார். கிடைக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பவித்ரா கரையிலிருந்து இறங்கினாள்.

போட்டியன்று எங்களைப் பார்த்ததும் கூட்டத்திலிருந்து ஒருவன், "ஏலே, ஆஸ்பத்திரில இருந்து நேரா வாராங்கடோய்! கட்டுப் பிரிக்காமயே வந்துட்டாங்க!" என்று கத்தினான். மைதானமே சிரித்தது. எங்கள் பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். அன்று லேஸ் எல்லாம் வெள்ளையாக இருந்ததா என்று நான் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் இல்லை. மாரீஸ்வரி காதைத் தொட்டாள். பவித்ரா ஏற்கனவே காற்றில் இருந்தாள். முதல் செட்டை எடுத்தோம். அடுத்த இரண்டையும் கொடுத்துவிட்டுத் தோற்றோம். ஆனால் ஆள் எடுக்க வந்திருந்த அம்மா, ஆட்டம் முடியும்முன்பே என் பக்கம் வந்து, "அந்தக் குட்டைப் பொண்ணு யாரு? எப்படி அந்த ரெண்டும் பேசிக்குது?" என்று கேட்டார். சார் பின்னால் நின்று காறித் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

சில வாரம் கழித்து என் போனுக்குச் செய்தி வந்தது. மாரீஸ்வரிக்கு விடுதியில் இடம். அவளை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு, பவித்ராவிடம் முதலில் சொல்வோம் என்று பறந்தேன். வழியெல்லாம் என் தோளில் அடித்துக்கொண்டே வந்தாள். பவித்ராவின் தெரு திரும்பும் இடத்தில், "நிறுத்துங்கக்கா, நிறுத்துங்க" என்று குதித்து இறங்கிவிட்டாள்.

"என்னடி? வீடு உள்ளல்லா இருக்கு."

"நீங்க போய்க் கூட்டியாங்க. நான் இங்கனயே நிக்கேன்."

"ஏன்?"

"நான் உள்ள போனதில்லக்கா."

எத்தனை வருடமாக இருவரும் ஒரே களத்தில் ஆடுகிறார்கள்! ஒருத்தி குதிப்பதற்கு முன் இன்னொருத்திக்குத் தெரியும். பவித்ராவின் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மாரீஸ்வரிக்குத் தெரியாது. பவித்ரா ஓடிவந்தாள். தெருமுக்கிலேயே, மின்கம்பத்துக்குக் கீழே, இருவரும் கட்டிக்கொண்டு கூச்சல் போட்டார்கள். வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. நான் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெர்சி விவகாரத்தில் அதிர்ந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. கண்மாய் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்பதால்தான் அங்கே எங்களால் சேர்ந்து நிற்க முடிந்திருக்கிறது. கோரா அங்கேதான் செல்லும். இந்த முக்கில் செல்லாது.

நான் இறங்கிய பிறகு பவித்ராதான் செயலாளர். போன வாரம் என் கடைசி யோசனையைச் செயற்குழுவில் சொன்னேன். நெட்டைக் கண்மாயிலிருந்து கழற்றுவோம். ஒரு ஞாயிறு ஒரு தெருவில், அடுத்த ஞாயிறு இன்னொரு தெருவில் கட்டுவோம். முதல் ஞாயிறு பவித்ராவின் தெருவில். மாரீஸ்வரி அப்போது விடுமுறைக்கு வந்திருப்பாள். சொல்லிவிட்டு, எல்லோரும் கை தட்டுவார்கள் என்று காத்திருந்தேன். இத்தனை பட்டும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

பவித்ரா யோசித்துவிட்டுக் கேட்டாள். "அக்கா, நம்ம விதிப்படி ஷூ இல்லாம ஆடக் கூடாதுல்லா?"

"ஆமா."

"மாரி தெரு ஆளுங்க யாரும் எங்க தெருவுக்குள்ள காலுல செருப்புப் போட்டு நடந்ததில்லக்கா. மாரியோட அப்பா இப்பவும் ரேஷன் கடைக்குப் போகையில கையில எடுத்துட்டுத்தான் போவாரு. யாரும் சொல்றதில்ல. ஆனா போடுறதில்ல. அது தெரிஞ்சுதான் சொல்லுதீங்களா?"

எனக்குத் தெரியாது. அந்தத் தெருவில் எத்தனை தடவை ஸ்கூட்டரில் போயிருக்கிறேன்! ஒரு தடவைகூட யார் காலையும் நான் பார்த்ததில்லை. "வேண்டாம்னா விட்டுருவோம்டி" என்றேன். "இல்ல, அன்னைக்கு ஒரு நாளுக்கு மட்டும் ஷூ விதியத் தளர்த்திக்கிடலாமா?"

சார் கையைப் பார்த்தேன். கை அசையவில்லை. அவர் பவித்ராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விதிய மாத்த வேண்டாம்" என்றாள் பவித்ரா. "நேத்து நீங்க போன்ல சொன்னப்பவே அண்ணன்ட்ட சொல்லிட்டேன். 'பாப்போம்'னு மட்டும் சொன்னான். நீங்க மாரிக்குப் போன் போட்டு ஷூவ மாட்டிக்கிட்டே வரச் சொல்லுங்க. நான் தெருமுக்குக்கு வந்து நின்னுக்கிடுதேன். சேர்ந்தே நடப்போம்."